முதியோருக்கு மாற்றுச் சிறுநீரகம்: வயது தடையா?

ஆக்லாந்து நகர மருத்துவமனை, நியூசிலாந்தில் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடைபெறும் மூன்று மையங்களில் ஒன்று. இறந்தோரின் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்போர் பட்டியலில் சேர அந்நாட்டில் வயது வரம்பு கிடையாது. ஆனால், சிகிச்சைக்குப் பின் ஐந்தாண்டுகள் உயிர்வாழும் வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும். இதய நோயும் நீரிழிவும் உள்ள முதியோர் பலருக்கு இந்த விதியே தடையாகிறது.

1999ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் இறப்பு அபாயம், பட்டியலில் காத்திருந்தோரைவிட முதல் இரு வாரங்களில் 2.8 மடங்கு அதிகம். நீண்டகாலத்தில் 68 சதவீதம் குறைவு. 60 முதல் 74 வயதினரும் பயனடைந்தனர். எனினும், தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகளுக்கே இம்முடிவு பொருந்தும்.

காத்திருக்கும் காலத்தில் உடல்நிலை மோசமடையக்கூடும் என்பதால், முதியோருக்கு உறவினரின் தானம் முக்கியத்துவம் பெறுகிறது. உயிருடன் தானமளிப்போருக்கு 12 வாரங்கள் வரை வருமான இழப்பீடு வழங்கும் நியூசிலாந்துச் சட்டம், 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது.