டில்லிக்கும் சென்னைக்கும் இடையே: ஒரு வான்வழிக் கணக்கு

டில்லியில் குடியேறிய தமிழராகிய நமக்கு, சென்னை எவ்வளவு தொலைவு என்பது வெறும் பூகோள வினா அன்று. ஊரிலிருந்து தந்தி வந்த இரவுகளில் நம் பெரியோர் மைல்களையா எண்ணினர்? 'போய் முகம் காண நேரம் உண்டா?' என்றே ஏங்கினர். ரயிலிலோ இரண்டு இரவுகள் கழிய வேண்டியிருந்தது.

நேரத்தை அறியத் தொலைவை அறிதல் வேண்டும். டில்லி விமான நிலையம் வடக்கே 28.57 பாகையிலும், சென்னை நிலையம் 12.99 பாகையிலும் உள்ளன. வேறுபாடு 15.58 பாகை. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் சற்றொப்ப 1,730 வரும். சென்னை மூன்று பாகை கிழக்கே ஒதுங்கியிருப்பதால் அவ்வகையில் 320. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால் கர்ணம் 1,760 கிலோமீட்டர். நம் பள்ளிச் சிறுவரும் போடக்கூடிய கணக்கே இது. இருப்புப்பாதையோ வளைந்து வளைந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் செல்கிறது.

ஒரு பாகையின் நீளத்தை நம் நாட்டு மண்ணிலேயே அளந்து காண முற்பட்டவர் வில்லியம் லாம்டன். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கத்தில், ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அவர் எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இன்றைய மீனம்பாக்கம் விமான நிலையம் அம்மலைக்கு அருகிலேதான் இருக்கிறது! அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே நகர்ந்த அவ்வளவை, நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கன்காட்டில் 1823-இல் லாம்டன் உயிர் நீத்தபின் எவரெஸ்ட் ஏற்று, 1841-இல் இமய அடிவாரம் சேர்த்தார்.

அந்நாகபுரி நம் கதையில் மறுபடியும் வருகிறது. 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கிற்று. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடின. தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியலில் ஊர் திரும்பின. பயணிகளும் அவற்றில் சென்றதுண்டு. டில்லியிலிருந்து நாகபுரி 855, அங்கிருந்து சென்னை 909, கூட்டினால் 1,764. நேர்வழியைவிட நான்கே கிலோமீட்டர் மிகுதி! நமக்கென்றே வகுத்தாற்போல் நாகபுரி நேர்கோட்டிலேயே விழுந்துவிட்டது. மணிக்கு 290 கிலோமீட்டர் பறந்த டகோட்டாவுக்கு இவ்வழி ஆறு மணி நேரம்; நாகபுரியில் காத்திருப்பது வேறு.

இன்றைய ஜெட் விமானத்திற்கு மணிக்கு 800 என வகுத்தால் இரண்டே கால் மணிக்கும் சற்றுக் குறைவே. ஆனால் கால அட்டவணையோ முக்கால் மணி நேரம் கூட்டிச் சொல்கிறது. ஓடுபாதை வரை ஊர்வதும், மெல்ல ஏறி இறங்குவதும், இறங்க முறை பார்த்து வட்டமிடுவதும் வரைபடக் கோட்டில் தெரிவதில்லை அல்லவா? காற்றும் ஒரு கணக்கு. குளிர்காலத்தில் மேலிருந்து வீசும் மேல்காற்று, டில்லியிலிருந்து கல்கத்தா செல்வோரைத் தள்ளிவிடும், திரும்புவோரைத் தடுக்கும். நம் வழியிலோ அது பெரும்பாலும் பக்கவாட்டில் வீசுவதால், போக்குக்கும் வரவுக்கும் அத்துணை வேறுபாடு இல்லை.

அடுத்த முறை சென்னையில் இறங்கும்போது நம் பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்துவோம். பரங்கிமலை கண்ணில் பட்டால், சங்கிலி பிடித்து அளந்த இடம் அதுவே என்று காட்டலாம்.