மறுதடுப்பூசியின் வரலாறு

1796-இல் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்ட் ஜென்னர், மாட்டம்மைச் சீழைக் குத்திப் பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். ஒருமுறை குத்திக்கொண்டால் ஆயுளுக்கும் போதும் என்று அவர் நம்பினார். ஆனால் குழந்தைப் பருவத்தில் அம்மை குத்திக்கொண்டவர்களில் சிலர் வளர்ந்தபின் நோய்க்கு ஆளாயினர். பாதுகாப்பு நாளடைவில் குறைவது தெரியவந்தது.

இதற்கு முதலில் தீர்வு கண்டவற்றுள் ஜெர்மானிய அரசுகள் முக்கியமானவை. வூர்ட்டம்பெர்க் 1829-இலும் பிரஷ்யா 1834-இலும் படைவீரர்களுக்கு மறுமுறை அம்மை குத்தத் தொடங்கின. 1870–71 பிரான்ஸ்–பிரஷ்யப் போரில் பெரியம்மையால் பிரெஞ்சுப் படை பேரிழப்பைச் சந்தித்தது. பிரஷ்யப் படையின் இழப்போ மிகக் குறைவு. 1874-ஆம் ஆண்டு ஜெர்மானியச் சட்டம் குழந்தைகளுக்கும், பின்னர் 12 வயதில் மறுமுறையும் அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. 1980-இல் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தபின் அந்த வழக்கம் தேவையற்றுப் போனது.

கொரோனா காலத்தில், பாதுகாப்பு குறைந்தால் மறுமுறை தடுப்பூசி போட வேண்டுமா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. இந்தியாவில் 2022 ஜனவரி 10 அன்று சுகாதாரப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், இணைநோயுள்ள 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்கு ‘முன்னெச்சரிக்கை டோஸ்’ என்ற பெயரில் கூடுதல் டோஸ் தொடங்கியது. ஏப்ரலில் 18 வயது நிரம்பிய அனைவருக்கும் அது விரிவாக்கப்பட்டது. 2023 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு, முதியோர், இணைநோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ளிட்டோருக்குக் கூடுதல் டோஸைப் பரிந்துரைத்தது. ஆரோக்கியமான இளையோருக்கு வழக்கமாகத் தேவையில்லை என்றது. வயது, உடல்நிலை, கடைசி டோஸுக்குப் பின் கடந்த காலம் ஆகியவையே இன்று கூடுதல் டோஸ் பற்றிய முடிவுக்கு அடிப்படை.