எமுலேட்டர்களில் புதுப்பிப்பு வீதப் பொருத்தம்

பழைய கணினி படம் வரைந்த வேகத்தை இன்றைய திரையின் வேகத்தோடு, அந்தக் கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளான எமுலேட்டர் இசைய வைக்கும் முறை இது. பழைய வேகத்தின் தொடக்கம் மின்சாரத்தில் இருக்கிறது: நெய்வேலியில் உற்பத்தியாகி கடலூர், சிதம்பரம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுழற்சிகள். இந்தியத் தொலைக்காட்சியின் 625 வரித் தரமும் அதற்கேற்ப விநாடிக்கு 50 புலங்களை (அரைப் படங்களை) கொண்டது. 1984இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினி இந்த வேகத்தில்தான் படம் வரைந்தது. இன்னொரு பழைய கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் வேகம் சற்றே கூடுதல்: அதன் செயலியின் விநாடிக்கான 35 லட்சம் துடிப்புகளை, ஒரு சட்டகத்துக்கான (ஒரு முழுப் படத்துக்கான) 69,888 துடிப்புகளால் வகுத்தால் 50.08.

இன்றைய மானிட்டர்கள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ். அவற்றில் ஒவ்வொரு ஐந்தாவது சட்டகமும் இருமுறை காட்டப்படுவதால், சீராக நகர வேண்டிய உருவம் விநாடிக்கு 10 முறை திக்கும். திரை ஒரு படத்தை முடிக்கும்வரை அடுத்ததை நிறுத்திவைக்கும் செங்குத்து ஒத்திசைவு, படம் குறுக்கே கிழிவதைத் தடுக்குமே தவிர இந்தத் திக்கலைப் போக்காது. விசை அழுத்தத்துக்கான பதிலையும் சிறிது தாமதப்படுத்தும்.

மானிட்டரை 50 அல்லது 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே எளிய வழி. ஸ்பெக்ட்ரமுக்கு எஞ்சும் 0.16 விழுக்காடு வேறுபாட்டை எமுலேட்டரின் வேகத்தைக் குறைத்து, ஒலியையும் அதற்கேற்பத் திருத்திச் சரிசெய்யலாம். காதுக்கு அது தெரியாது. தம் வேகத்தை எமுலேட்டருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க், ஜிசிங்க் போன்ற மாறும் வீதத் திரைகளுக்கு இந்தக் கணக்கே வேண்டியதில்லை. பலவற்றின் கீழ்வரம்பு 48 ஹெர்ட்ஸ் என்பதால் 50.08 அப்படியே பொருந்தும்.