குரோம்பேட்டையும் உப்பின் கணக்கும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் அன்றாடம் செல்வோர் குரோம்பேட்டை என்னும் பெயரை எத்தனையோ முறை வாசித்திருப்பர். அப்பெயருக்குள் ஒரு வேதியியல் பாடம் அடங்கியிருப்பதை எண்ணிப் பார்த்தோர் சிலரே. அமிலமும் காரமும் கூடினால் உப்பும் நீரும் உண்டாகும் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் மனனம் செய்கின்றனர். அவ்விதியின் பயனையும் விலையையும் ஒருங்கே கண்ட ஊர் அது.

காரத்தை ஆங்கிலேயர் 'அல்கலி' என்பர். 'அல்-கலீ' என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். உவர்நிலச் செடிகளைச் சுட்டெடுத்த சாம்பலுக்கு அரபியர் இட்ட பெயர் அது. அச்சாம்பலின் காரம் சோப்பு செய்யப் பயன்பட்டது. அதே காரத்தின் இன்னொரு வடிவமான சுண்ணாம்பே தோல் பதனிடுவோரின் முதற்கருவி.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்களிலும் சென்னைப் பெரியமேட்டிலும் நம்மவர் தலைமுறைகளாக ஈடுபட்ட தொழில் இது. முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாறே தோலைப் பதப்படுத்தியது. 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் குரோமிய உப்பால் பதனிடும் முறைக்கு உரிமம் பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அம்முறையைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். 1912இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை அடுத்து குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். அதனைச் சுற்றி எழுந்த பேட்டையே குரோம்பேட்டை.

பச்சைத்தோல் முதலில் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்குகிறது. அப்போது நீரின் பிஎச் அளவு 12ஐத் தாண்டும். பின்னர் அம்மோனிய உப்புகளால் சுண்ணாம்பை நீக்குவர். தோலின் வெட்டுவாயில் பினாப்தலீன் துளியை விட்டு, இளஞ்சிவப்பு தோன்றினால் காரம் இன்னும் எஞ்சியிருப்பதை அறிவர். பள்ளி ஆய்வுக்கூடத்துச் சோதனையேதான் இது! அடுத்து உப்பும் கந்தக அமிலமும் சேர்த்துப் பிஎச் அளவை 3க்கு அருகே இறக்குவர். குரோமியம் உள்ளே ஊடுருவியபின், சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது சிறிதாக இட்டு அமிலத்தைத் தணிப்பர். அவசரப்பட்டால் குரோமியம் மேற்பரப்பிலேயே படிந்து தோல் கெடும். பொறுமையே இங்குப் பாதித் தொழில்.

ஆனால் நடுநிலையாக்கல் என்பது மறைந்துபோதல் அன்று. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் உப்பு நிற்கிறது. அமிலக் கழிவைக் காரத்தால் தணித்தால் புளிப்பு போகும். சோடியம் சல்பேட் நீரிலேயே தங்கும். தோலைக் கெடாது காக்கத் தூவிய கறியுப்பும் அதனோடு சேரும். சல்பைடு கலந்த சுண்ணாம்பு நீரும் அமில நீரும் சந்தித்தாலோ, ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு எழும். நடுநிலையாகிவிடும் என்று நம்பி இரண்டையும் ஒரே குழியில் விடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

தோல் கழிவைப் பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது, வட ஆர்க்காட்டோடு அந்நாளைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத் தொழிற்கூடங்களும் அதில் அடங்கின. ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டப் பணிக்கப்பட்டது. பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் அமைந்தது. அத்தகைய நிலையங்களில் காரம் சேர்த்தால் குரோமியம் வீழ்படிவாகப் பிரியும். நீரில் கரைந்த உப்போ அவ்வளவு எளிதில் பிரிவதில்லை. 1948இல் அடையாறில் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், உப்பைக் குறைக்கவும் குரோமியத்தை மீட்டெடுக்கவும் வழிமுறைகளை வகுத்துத் தந்தது.

தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. அதே குடும்பங்கள் நீர் இறைத்ததும் அம்மண்ணின் கிணற்றில்தானே? ஆகவே நம் பிள்ளை அச்சமன்பாட்டை ஒப்பிக்கும்போது, "அந்த உப்பு எங்கே போகிறது?" என்று ஒரு கேள்வியையும் கேட்கச் சொல்லுவோம். தேர்வுக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம், கிணற்றுக்குத் தேவை.