திசையறிந்த காந்தம்: பட்டிப்பொலவின் ஒற்றைப் பாதையும் மின்காந்தவியலின் வரலாறும்

முன்னுரை

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலுள்ள இந்நிலையத்தைத் தாண்டி ஒஹிய நோக்கிச் செல்லும்போது மலையகப் பாதையின் உச்சியும், அதையொட்டிய 18ஆம் இலக்கச் சுரங்கமும் வருகின்றன. மூடுபனி இறங்கிவிட்டால் அடுத்த வளைவே கண்ணுக்குத் தெரியாது. ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் இருப்பது ஒரே பாதைதான். இத்தகைய பாதையில் பயணிகளின் உயிரைக் காத்துவந்தது ‘டேப்லட்’ எனப்படும் கருவி. மின்னோட்டம் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது என்ற இயற்பியல் உண்மையே அதற்கு அடிப்படை. மின்காந்தம் என்றதும் அதன் இழுவிசையைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறோம். இக்கருவியின் காவலில் விசைக்கு உள்ள அதே பங்கு திசைக்கும் உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திரும்பிய முள்

டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஏர்ஸ்டெட் 1820 ஜூலை 21 அன்று இலத்தீனில் ஒரு சிறு அறிக்கையை வெளியிட்டார். மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்த திசைகாட்டி முள் விலகுகிறது, மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் முள் எதிர்ப்பக்கம் விலகுகிறது என்பதே அதன் சாரம். அடுத்த செப்டெம்பரிலேயே பாரிஸில் அம்பியர் இதை விரித்தெடுத்து, மின்னோட்டம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று ஈர்க்கவும் விலக்கவும் செய்வதைக் காட்டினார்.

இந்த விளைவை மலையகப் பாடசாலை மேசை ஒன்றிலேயே காணலாம். 1 அம்பியர் மின்னோட்டம் பாயும் நேரான கம்பியிலிருந்து 1 சென்ரிமீற்றர் தொலைவில் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. இலங்கையில் புவியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா; அதுவும் ஏறத்தாழக் கிடையாகவே அமைந்தது. எனவே வடக்கு தெற்காகப் பிடித்த கம்பியை முள்ளுக்கு 1 சென்ரிமீற்றர் மேலே வைத்தால், முள் சுமார் 27 பாகை விலகி நிற்கும். மின்னோட்டம் தெற்கிலிருந்து வடக்கே பாய்ந்தால் முள்ளின் வடமுனை மேற்கே சாயும். மின்கலத்தின் முனைகளை மாற்றிப் பொருத்தினால் கிழக்கே சாயும்.

வலுப்பெற்ற சுருள்

ஒற்றைக் கம்பியின் புலம் சிறிது. கம்பியைச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் மற்றவற்றோடு சேர்கிறது. நடுவில் மெல்லிரும்பை வைத்தால் அது பன்மடங்காகிறது. 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தம் ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள இரும்பைக் கொண்டே 4 கிலோகிராம் தூக்கியது. உறையிட்ட கம்பியைப் பல அடுக்குகளாகச் சுற்றிய அமெரிக்கரான ஜோசப் ஹென்றி, 1831இல் 900 கிலோகிராமுக்கும் மேல் தூக்கிக் காட்டினார். மின்னோட்டம் நின்றதும் மெல்லிரும்பின் பிடி தளர்ந்துவிடும். தொலைவிலிருந்து ஒரு பூட்டைத் திறக்கவும் மூடவும் முடியும் என்ற வாய்ப்பு இங்கேதான் பிறந்தது.

திசையையும் இதே காலத்தில் பயனுக்குக் கொண்டுவந்தனர். குக், வீட்ஸ்டன் இருவரும் 1837இல் காப்புரிமை பெற்ற தந்திக் கருவி, முட்களை இடமும் வலமும் திருப்பியே எழுத்துகளைச் சுட்டியது. இலங்கையில் கொழும்பு, காலி நகரங்களுக்கிடையே தந்தி 1858இல் வந்தது.

ஒற்றைப் பாதையின் சிக்கல்

கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 1864இல் ஓடிய புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை, கோப்பியை நோய் அழித்தபின் தேயிலைக்காக மலையேறியது. 1884இல் ஹற்றன், 1885இல் நானுஓயா, 1893இல் பட்டிப்பொல வழியாக அப்புத்தளை, 1924இல் பதுளை என அது நீண்டது.

தந்தியில் செய்தி சொல்லி ஒற்றைப் பாதையில் வண்டி விடுவதில் ஆபத்து இருந்தது. 1874இல் இங்கிலாந்தின் தோர்ப் அருகே, தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அதற்குப் பின்னர் எட்வர்ட் டயர் உருவாக்கியதே டேப்லட் முறை. மனிதர் சொல்லில் தவறு நேர்ந்தாலும் கருவி அதற்கு இடங்கொடாது என்பது அதன் சிறப்பு.

பூட்டும் திறவும்

பட்டிப்பொலவிலிருந்து ஒஹியவுக்கு வண்டி புறப்படுவதாகக் கொள்வோம். பட்டிப்பொல நிலைய அதிபர் மணி ஒலியால் அனுமதி கேட்கிறார். ஒஹிய நிலைய அதிபர் இசைந்து, தன் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். பாதையோரக் கம்பி வழியே வரும் மின்னோட்டம் பட்டிப்பொலக் கருவியின் சுருளில் பாய்கிறது. மின்காந்தம் பூட்டை விடுவிக்கிறது. இரு நிலையங்களின் பெயர் பொறித்த வட்டத் தகடு ஒன்று கைக்கு வருகிறது. அதைப் பையிலிட்டு, வளையத்தோடு சாரதியிடம் கொடுக்கிறார்கள். அந்தத் தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கக் கூடாது.

தகட்டை எடுத்ததும் கருவிக்குள் இணைப்புகள் மாறிவிடுகின்றன. இரு கருவிகளின் நிலையும் ஒத்துப்போனால்தான் வந்துசேரும் மின்னோட்டம் பூட்டைத் திறக்கும் திசையில் பாயும். இல்லையேல் எவ்வளவு அழுத்தினாலும் பூட்டு அசையாது. எடுத்த தகட்டை ஒஹியவிலோ மீண்டும் பட்டிப்பொலவிலோ இட்ட பிறகே அடுத்த தகடு வெளிவரும். பூட்டைத் தூக்குவது ஸ்டர்ஜன் கண்ட விசை. தூக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வது ஏர்ஸ்டெட் கண்ட திசை. பாதையில் ஒரு வண்டி இருக்கிறது என்பதைக் கருவி நினைவில் வைத்திருப்பது இந்தத் திசையால்தான்.

இதற்குப் பெரிய மின்நிலையம் எதுவும் தேவைப்படவில்லை. சில மின்கலங்களே போதுமாயின. ஆகவேதான் லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே மின்னோட்டம் தந்திக் கம்பி வழியாக இம்மலைகளில் வேலை செய்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே, அங்கிருந்து வண்டியேறிய மக்களின் பயணத்தை மின்காந்தம் காத்தது.

முடிவுரை

ஏர்ஸ்டெட்டின் முள்ளும் பட்டிப்பொலவின் பூட்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. காந்தப்புலத்தின் திசையைப் பாடப்புத்தகத்தின் வலக்கை விதியாக மனனம் செய்யும் மலையக மாணவருக்கு, அந்த விதி தம் ஊர்ப் பாதையில் உயிர்காத்த கதையையும் சொல்ல வேண்டும். புதிய சைகை முறைகள் வரும்போது பழைய டேப்லட் கருவிகளைத் தனித்தனியே காட்சிக்கு வைப்பது போதாது. கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இரண்டை இணைத்து இயங்கும் நிலையில் வைக்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரு தகட்டை எடுத்துவிட்டு இரண்டாவதையும் எடுக்க முயலட்டும். பூட்டு மறுக்கும் அந்த நொடியில் விதி தானாகவே விளங்கும்.