சவரக்கத்தியும் தீட்டுகல்லும்: ஒரு கைத்திறனின் வரலாறு

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் கருவிகள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பதை விரிவாக ஆராய்வர். அவை எவ்வாறு பேணப்பட்டன என்பதை ஆராய்வோர் சிலரே. ஆயின் ஒரு கருவி ஆக்கப்படுவது ஒருமுறை. பேணப்படுவதோ பல்லாயிரம் முறை. ஆக்குவோனின் அறிவு ஆலையைச் சார்ந்தது. பேணுவோனின் அறிவு அவன் கையைச் சார்ந்தது. இவ்விரண்டாவது அறிவு யாருடைய உடைமையாக இருந்தது, எவ்வாறு கைமாறியது என்பதைச் சவரக்கத்தியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1740 களில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகருக்கு அண்மையில், கடிகாரம் செய்வோரான பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் உருக்கை மூசையிலிட்டு முற்றாக உருக்கி வார்க்கும் முறையை நிலைநாட்டினார். உள்ளே எங்கும் ஒரே தன்மை வாய்ந்த அவ்வுருக்கு, நுண்ணிய வாயைத் தாங்கவல்ல சவரக்கத்திகளுக்கு வழிவகுத்தது. மூசை உருக்கு ஐரோப்பாவுக்குப் புதிதேயன்றி உலகுக்குப் புதிதன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அம்மரபு நெடுங்காலம் நிலவியது. இந்தியாவிலிருந்து சென்ற 'வூட்ஸ்' உருக்கினை ஜோர்ஜ் பியர்சன் 1795 இல் ஆராய்ந்து எழுதினார். இலண்டனிற் கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்ரொடாட், ஐரோப்பிய உருக்கிலும் அதனையே மேலானதெனக் கொண்டு சவரக்கத்திகள் செய்தார்; பின்னர் மைக்கல் பரடேயுடன் சேர்ந்து உருக்குக் கலவைகளையும் ஆராய்ந்தார்.

எனினும் உருக்கு எத்துணைச் சிறந்ததாயினும் அதன் கூர் நிலைப்பதன்று. இதனை நன்குணர்ந்தவர் பாரிஸ் நகரக் கத்தி வினைஞரான ஜோன் ஜாக் பெரே. தனக்குத்தானே சவரஞ் செய்யக் கற்பிக்கும் அவரது நூல் 1769 இல் வெளிவந்தது. தீட்டுகற்களை இனங்காணும் முறையும் தோலைப் பதப்படுத்தும் முறையும் அந்நூலின் நீண்ட தலைப்பிலேயே இடம்பெற்றிருந்தன. கத்தியைப் பற்றிப் பேச முற்பட்ட ஒருவர் கல்லைப் பற்றியும் பேசாதிருக்க இயலவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

தீட்டும் முறையை நோக்குவோம். சவரக்கத்தியின் முதுகு தடித்தது, வாய் மெல்லியது. முதுகும் வாயும் ஒருங்கே கல்லிற் படியுமாறு கத்தியைக் கிடத்தித் தீட்டுவர். ஆகவே கோணத்தைக் கை தேடவேண்டியதில்லை. முதுகின் தடிப்பும் அலகின் அகலமுமே அதனை நிருணயிக்கின்றன. அக்கோணம் பொதுவாக 16 பாகையளவினது. வாய் தேயத் தேய முதுகும் உடன் தேய்வதால், ஆண்டுகள் பல கடந்தும் அது பெரிதும் மாறுவதில்லை. கல்லின்மீது வாய் முன்னாகச் செல்லும். அலகு கல்லின் அகலத்தினும் நீண்டதாகையால், குதியிலிருந்து நுனிவரை தொடுமாறு அதனைச் சாய்வாக இழுப்பர். மறுபுறம் திருப்பும்போது முதுகின்மேற் புரட்டுவர். அழுத்தம் கூடாது. மிகத் தீட்டினால் வாயில் மெல்லிய பிசிர் எழும். ஈர நகத்தின்மீது வாயை மெல்ல இழுத்துப் பார்ப்பதே பழைய சோதனை: வழுக்கினால் மொட்டை, மென்மையாகப் பற்றினாற் கூர், கரகரத்தாற் பிசிர்.

கற்களில் முதலிற் குறிப்பிடத்தக்கது பெல்ஜியத்தின் ஆடென்ஸ் பிரதேசத்திற் கிடைக்கும் கொற்றிக்கூல் என்னும் மஞ்சட் கல். அதனுள் செறிந்துள்ள கார்னெற் என்னும் நுண்ணிய மணிப்பளிங்குகளே உருக்கை அராவுகின்றன. கல் எளிதில் உடையுமாதலின் நீலப் பலகைக்கல்லொன்றை அதன் அடியில் ஒட்டி விற்றனர். ஜேர்மனியின் தூரிங்கியாப் பலகைக்கற்களும் புகழ்பெற்றவை. இவை மென்மையான கூரைத் தந்தன. ஆனால் மெதுவாகவே தந்தன. வாடிக்கையாளர் வரிசையாகக் காத்திருக்கும் நகரத்துக் கடையில் மெதுவான கல்லுக்கு நேரமில்லை.

இத்தேவையே செயற்கைக் கல்லைத் தோற்றுவித்தது. இன்றைய சுலோவேனியாவிலுள்ள மரிபோர் நகரில் 1879 இல் தொடங்கிய ஸ்வாற்றி நிறுவனத்தின் கற்கள் உலகெங்கும் பரவின. அமெரிக்கரான எட்வேட் அச்சிசன் 1891 இற் கண்டுபிடித்த காபொரண்டம் இத்துறையிலும் புகுந்தது. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு கல்லில் நீரோ சவர்க்கார நுரையோ இட்டுச் சில முறை இழுத்தாற் போதும். ஒரு சவரத்துக்கும் மறு சவரத்துக்குமிடையே வேலை முடிந்துவிடும். 1893 இல் சிக்காகோவில் ஏ. பி. மோலர் சவரத் தொழிற் பாடசாலையைத் தொடங்கினார். 1897 இல் மினசோட்டா மாநிலம் தொழிலுரிமச் சட்டம் இயற்றியது. தீட்டுதல் இவ்வாறு பாடமாகக் கற்பிக்கப்பட்ட அறிவாயிற்று.

கல்லின் துணை தோல்வார். இதில் முதுகு முன்னாகச் செல்லும், வாய் பின்தொடரும். வளைந்த வாயை அது நிமிர்த்தும். ஆனால் உடைந்த வாயை ஆக்காது. உருக்கினும் சுமார் 50 மடங்கு மென்மையான மயிர் அலகை எவ்வாறு கெடுக்கிறது? மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர் 2020 இல் இதனை ஆராய்ந்தனர். அலகின் வாயில் உருக்கின் தன்மை இடத்துக்கிடம் வேறுபடுமிடத்து, மயிர் வளைந்து சாய்வாகத் தாக்கும்போது நுண்ணிய சில்லுகள் பெயர்வதை அவர்கள் நுண்காட்டியிற் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது தற்கால அலகையே. எனினும் தோல்வார் மட்டும் போதாது, இடையிடையே கல்லும் வேண்டும் என்ற தொழிலாளரின் பட்டறிவுக்கு இது ஒரு விளக்கமாகிறது.

இவ்வறிவின் தேவையையே நீக்க முற்பட்டவர் கிங் காம்ப் ஜில்லெற். மொட்டையானதும் எறியப்படும் மெல்லிய அலகு அவரது எண்ணம். அத்தகைய தகட்டை வன்மையாக்கித் தீட்டும் இயந்திரங்களை உருவாக்கியவர் வில்லியம் நிக்கர்சன். 1903 இல் விற்பனையானவை 51 கருவிகளே. மறு ஆண்டில் அது 90,000 ஐத் தாண்டியது. முதலாம் உலகப்போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏறத்தாழ 35 இலட்சம் கருவிகள் வழங்கப்பட்டன. தீட்டவேண்டியதில்லை என்பதே அவற்றின் விளம்பரமாயிருந்தது. உண்மையில் தீட்டுதல் மறையவில்லை. கடையிலிருந்து ஆலைக்கு இடம்பெயர்ந்தது. முன்பு ஒரு கல்லை வாங்கிய தொழிலாளி பல்லாண்டு காலத்துக்குக் கூரையும் வாங்கினான். இப்பொழுது கூரைத் தகடு தகடாக, முடிவின்றி வாங்கவேண்டியவனானான்.

இம்மாற்றத்தை முழு இழப்பெனக் கொள்வதும் பொருந்தாது. குருதிவழி பரவும் ஈரற்றொற்று, எயிட்ஸ் ஆகிய நோய்கள் பற்றிய விழிப்பு வளர்ந்தபின், ஒவ்வொருவருக்கும் புதிய அலகு என்பது மறுக்கவியலாத சுகாதார நெறியாயிற்று. மேலும் யாழ்ப்பாணச் சமூக அமைப்பில் கத்தியும் கல்லும் தோல்வாரும் அடங்கிய அடைப்பம், திறமையின் சின்னமாக மட்டுமன்றிக் குடிமைத் தொழிலின் தளையாகவும் இருந்தது. அத்தளையிலிருந்து விடுபட விரும்பியோர் அடைப்பத்தைக் கைவிட்டதற்கு வருந்துவது நியாயமாகாது.

ஆனால் தொழிலாளியின் தாழ்த்தப்பட்ட நிலையைக் காரணமாகக் கொண்டு அவனது அறிவையும் தாழ்வாக எண்ணுவது வேறு. உருக்கின் இயல்பையும் கல்லின் தன்மையையும் கோணத்தின் விதியையும் ஏட்டின்றி அறிந்திருந்தவன் அவன். ஹன்ற்ஸ்மனுக்கும் ஜில்லெற்றுக்கும் வரலாற்றில் இடமுண்டு. அவ்விருவருக்குமிடையே ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கூரைக் காத்துநின்ற பெயரற்ற கைகளுக்கும் அவ்விடம் உரியது.