டயல்-அப் பெற்ற பிள்ளை

2006 ஆகஸ்டில் ஸ்பெயின்காரர் ரிக்கார்தோ கார்சியா ஒரு சின்ன பைத்தான் நிரலை வெளியிட்டார். அவர் வீட்டில் அப்போது டயல்-அப் இணைப்புதான். யூடியூப் வீடியோ கொஞ்சம் ஓடும், நிற்கும், சுற்றும். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் ஆற அமரப் பார்க்கலாமே என்ற ஆசையில் பிறந்ததுதான் யூடியூப்-டிஎல். பட்டன் கிடையாது; கருந்திரையில் கட்டளையைத் தட்டி, பக்கத்தில் வீடியோவின் முகவரியை ஒட்ட வேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கருந்திரை அந்நியமில்லை. 1956-ல் மாநில எல்லைகளைப் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அதனால் எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கிறவர்கள் தொடும் கணினியில் ஓடுவது லினக்ஸ். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாக வைத்துத் தானே ஒன்றைத் தயாரித்துத் தருகிறது. பாடத்தில் பைத்தானும் உண்டு.

2020-ல் எல்லாம் ஒன்றாக வந்தது. கொரோனா ஊரடங்கில் எல்லை தாண்டக் களியக்காவிளையில் இ-பாஸ் கேட்டார்கள். ஜூன் 1 முதல் கைட்டின் விக்டர்ஸ் சேனலில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தமிழ்வழிப் பாடங்களும் யூடியூபில் ஏறின. வீட்டுக்கு ஒரு போன், தினம் தீரும் டேட்டா என்றிருந்தவர்களுக்கு ஒருமுறை இறக்கிப் பலமுறை பார்ப்பதுதான் கட்டுப்படியாகும். கார்சியாவின் பழைய கஷ்டம் இங்கே புதுசாக இருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் புகார் கொடுக்க, கிட்ஹப் தளம் யூடியூப்-டிஎல்லை எடுத்துவிட்டது. சோதனைக்கென்று நிரலுக்குள் டெய்லர் ஸ்விஃப்ட் பாட்டின் முகவரி இருந்ததையும் குற்றமாகக் காட்டினார்கள். எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் வக்கீல்கள் பதில் எழுதினார்கள். நவம்பர் 16-ல் நிரல் திரும்பி வந்தது. 2021 ஜனவரியில் அதிலிருந்து கிளைத்த ஒய்டி-டிஎல்பிதான் இன்று ஓடுவது.

அடுத்த தடை லாகின். டியூஷன் ஆசிரியர் வீடியோவை ‘பிரைவேட்’ ஆக்கி, தேர்ந்தெடுத்த ஜிமெயில்களுக்கு மட்டும் திறக்கிறார். பிரௌசரில் ஓடுகிறது, கட்டளையில் போட்டால் ‘சைன் இன் செய்’ என்கிறது. பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே கொடுக்கும் பழைய வழி யூடியூபில் செல்லாது. மிச்சம் குக்கீ. 1994-ல் நெட்ஸ்கேப்பின் லூ மொன்டுல்லி உண்டாக்கியது அது. நீங்கள் லாகின் ஆனதும் தளம் தரும் இ-பாஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பிரௌசர் அதை நீட்டுகிறது. ‘குக்கீஸ் ஃப்ரம் பிரௌசர்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் ஒய்டி-டிஎல்பியும் அதையே நீட்டும்.

தனிக் கோப்பாக எடுத்தும் கொடுக்கலாம். திறந்து பாருங்கள்: முதல் வரியில் நெட்ஸ்கேப் பெயர். 2008-லேயே அந்த பிரௌசருக்கு மூடுவிழா நடந்துவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை! கீழே வரிக்கு ஏழு கட்டங்கள்; தளத்தின் பெயர், காலாவதி நேரம், கடைசியில் நீளமான ஓர் எழுத்துக் குவியல். அந்தக் குவியல்தான் நீங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது கேட்டால், மாமன் மகனே ஆனாலும், கொடுக்கக் கூடாது. அதை வைத்திருப்பவர் உங்கள் கணக்குக்குள் உட்கார்ந்துவிடலாம். குக்கீயைக் கொடுத்துச் சகட்டுமேனிக்கு இறக்கினால் கூகுள் கணக்கையே முடக்கவும் கூடும். யூடியூபின் விதிப்படி இப்படி இறக்குவதே கூடாது. நான் இறக்குவது எனக்காகத் திறந்த பாடத்தை, நான் படிக்க மட்டும். அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவது ஆசிரியரின் பிழைப்பில் கை வைப்பது.

2024 ஜூலையில் விண்டோஸ் குரோம் தன் குக்கீகளைப் புதுப் பூட்டுக்குள் வைத்தது, அங்கே இந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. லினக்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவருக்குப் பிரச்சினையில்லை. பள்ளி லேப்டாப் இதில் ஜெயித்தது.

வேறொன்றில் தோற்கிறது. இன்றைய ஒய்டி-டிஎல்பி பைத்தான் 3.10 கேட்கிறது, கைட்டின் பழைய உபுண்டு 18.04 பதிப்பில் இருப்பது 3.6. போதாக்குறைக்கு, யூடியூபுக்கு டீனோ போன்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியும் வேண்டும் என்று 2025 கடைசியில் சொல்லிவிட்டார்கள். வசதி குறைந்த இணைப்புக்காகப் பிறந்தது, வசதி குறைந்த மெஷினைப் பார்த்து முகம் சுளிக்கிறது. பைத்தானையும் உள்ளடக்கிய தனிக் கோப்பு ஒன்று லினக்ஸுக்கென்றே வெளியாகிறது. பழைய லேப்டாப்காரர்கள் அதை இறக்கிக்கொள்ளலாம்.